ஹெடர் மாட்டிய மூணு சனிக்கிழமை: ஒரு பிக்கப் டிரக் புகைக்குழாயின் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் இழுத்த இடங்களை வெட்டி, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கேன்.)

போன மாசம் எபிசோட் ஏன் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. உண்மையைச் சொல்லிடறேன். மூணு சனிக்கிழமை நான் மைக் முன்னாடி இல்லை, ஒரு டிரக்குக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தேன்.

கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ பக்கம் நமக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட 2004 மாடல் வி8 பிக்கப் டிரக் ஒண்ணு இருக்கு. காலையில் ஸ்டார்ட் பண்ணினா டிக் டிக்னு ஒரு சத்தம். எஞ்சின் சூடானதும் நின்னுடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடிச்சிருக்கிற போல்ட்டுகளில் ரெண்டு ஏற்கனவே உடைஞ்சு, அந்த இடைவெளியில் புகை கசியுது. சூட்டில் இரும்பு விரிஞ்சதும் இடைவெளி அடைபட்டு சத்தம் போயிடுது. பழைய டிரக் வெச்சிருக்கிறவங்களுக்கு ரொம்பப் பழக்கமான நோய் இது.

“எப்படியும் கழட்டத்தான் போறோம், அதே வார்ப்பிரும்பை ஏன் திரும்ப மாட்டணும்? ஹெடர் போட்டுடலாம் தம்பி”ன்னு அண்ணன் சொன்னார். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சிட்டு ஐடியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு, ஸ்பானர் பிடிக்கிற வாய்ப்பு வந்ததே பெரிய விஷயம். சரின்னுட்டேன்.

ஆனா எந்த ஹெடர் வாங்கறதுங்கிற இடத்துல எங்களுக்குள்ள ஒரு சண்டை வந்தது. அந்தச் சண்டை என்னை 1932 வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுச்சு. இந்த எபிசோட் அதைப் பற்றித்தான்.

முதல்ல, ஹெடர்னா என்ன?

நம்ம ஊர் பைக் பட்டறையில் “பெண்ட் பைப்”னு சொல்வாங்களே, எஞ்சின் ஹெட்டிலிருந்து வளைஞ்சு இறங்கி சைலன்சரில் போய்ச் சேரும் குழாய், அதேதான். பைக்குக்கு ஒரு சிலிண்டர், அதனால் ஒரு குழாய். வி8 எஞ்சினில் பக்கத்துக்கு நாலு சிலிண்டர். நாலு வாயிலிருந்தும் வரும் புகையை ஒண்ணாக்கி ஒரே குழாயில் அனுப்பணும். அந்த வேலையைச் செய்வதுதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்.

கம்பெனியிலிருந்து வரும் மேனிஃபோல்ட் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. படுக்க வைத்த கட்டை மாதிரி இருக்கும், நாலு வாயும் அந்தக் கட்டைக்குள்ளேயே திறக்கும். செய்யச் செலவு குறைவு, இடம் குறைவு, சத்தம் குறைவு, பல வருஷம் உழைக்கும். கம்பெனிக்கு இது நல்ல தேர்வுதான். ஹெடர் அப்படி இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி எஃகுக் குழாய். அவை தனியாகவே கொஞ்ச தூரம் ஓடி, கலெக்டர் என்ற இடத்தில் ஒண்ணு சேரும்.

இந்தத் தனித்தனி ஓட்டத்தால் என்ன லாபம்? எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள்ள அழுத்தம் இன்னும் வெளிக்காற்றை விடப் பல மடங்கு இருக்கும். அதனால் புகை மெதுவாகக் கசிந்து வராது, ஒரு அடியாகப் பாயும். அந்த அடி ஓர் அலையாகக் குழாயில் ஓடுது. கலெக்டரில் குழாய் திடீர்னு அகலமாகும் இடத்தில் அந்த அலையின் ஒரு பகுதி திரும்பி வரும். திரும்பும்போது அது அழுத்தும் அலையாக இருக்காது, உறிஞ்சும் அலையாக மாறியிருக்கும். எக்ஸாஸ்ட் வால்வும் இன்டேக் வால்வும் ஒரே சமயத்தில் கொஞ்சம் திறந்திருக்கும் அந்தச் சின்ன நேரத்தில் இந்த அலை வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுக் காற்றை உள்ளே வர வைக்கும்.

நேரக் கணக்கைப் பாருங்க. 3,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். சூடான புகையில் அலை ஒரு மீட்டர் தாண்ட ஏறக்குறைய 2 மில்லிசெகண்ட். அதாவது குழாயின் நீளம்தான் இங்கே டைமர். நீளத்தை மாற்றினால், எந்த வேகத்தில் இந்த உதவி கிடைக்கும் என்பதும் மாறும். நீளமான குழாய் குறைந்த ஆர்பிஎம்மில் உதவும், குட்டைக் குழாய் அதிக ஆர்பிஎம்மில். சுமை இழுக்கிற டிரக்குக்குத் தேவை கீழ் வேகத்தில் டார்க். அதனால்தான் டிரக்காரர்கள் “லாங் டியூப்”, அதாவது நீளக்குழாய் ஹெடரைத் தேடுறாங்க.

இன்னொரு விஷயம். பழைய செவர்லே ஸ்மால் பிளாக் வி8-இன் ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை சிலிண்டர்கள் எல்லாம் ஒரு பக்கம், இரட்டைப்படை எல்லாம் மறுபக்கம். வரிசையைப் பாருங்க: 5-ம் 7-ம் அடுத்தடுத்து வெடிக்குது, ரெண்டும் ஒரே பக்கம். 8-ம் 4-ம் அப்படித்தான். கட்டை மாதிரி மேனிஃபோல்டில் முதல் சிலிண்டரின் புகை வெளியேறி முடிக்கும் முன்னே அடுத்ததன் புகை வந்து முட்டும். சாஃப்ட்வேர்ல கியூ நிறைஞ்சா பேக்பிரஷர்னு சொல்றோமே, அந்த வார்த்தை இங்கே இருந்து வந்த சொத்துதான். அமெரிக்க வி8-இன் அந்தக் குடுகுடுங்கிற உறுமலுக்கும் இந்தச் சமமில்லாத வரிசைதான் காரணம்.

“எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக்பிரஷர் வேணும்”னு ஒரு நம்பிக்கை ஊர் உலகமெல்லாம் இருக்கு. அது சரியில்லை. எஞ்சினுக்கு வேண்டியது புகையின் வேகமும் சரியான நேரமும். குழாயை ரொம்ப அகலமாக்கினால் வேகம் செத்துடும், கீழ் வேக டார்க்கும் போயிடும். அதைப் பார்த்த யாரோ பேக்பிரஷர் குறைஞ்சதுதான் காரணம்னு நினைச்சிருக்கணும்.

வறண்ட ஏரியில் பிறந்த தொழில்

இப்போ வரலாற்றுக்கு வருவோம். 1932-இல் ஃபோர்ட் கம்பெனி சாதாரண மக்கள் வாங்கற விலையில் ஒரு வி8 எஞ்சினைக் கொண்டு வந்தது. 221 கன அங்குலம், 65 குதிரைசக்தி. வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கும் வடிவம், அதனால் பேர் ஃபிளாட்ஹெட்.

அந்த எஞ்சினின் பெரிய பலவீனமே எக்ஸாஸ்ட்தான். வால்வுகள் எஞ்சினின் நடுப்பள்ளத்தில், புகை வெளியேறும் வாய் வெளிப்பக்கத்தில். அதனால் கொதிக்கும் புகை பிளாக்கின் உடம்பு வழியாகவே பயணம் செய்யணும். எஞ்சின் சூடாகாமல் என்ன செய்யும்? அது போதாதுன்னு, பக்கத்துக்கு நாலு சிலிண்டர், ஆனா புகை வாய் மூணுதான். நடுவில் இருக்கிற ரெண்டு சிலிண்டரும் ஒரே வாயைப் பங்கு போட்டுக்கணும். ரெண்டு குடும்பத்துக்கு ஒரு வாசல் மாதிரி.

ஆனா எஞ்சின் மலிவு, எங்கேயும் கிடைக்கும். தென் கலிஃபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை வாங்கி, தேவையில்லாத தகடெல்லாம் கழட்டி, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1937-இல் சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் தொடங்கி, வேகத்தை முறையாக அளக்க ஆரம்பிச்சாங்க. என்னைப் பொறுத்தவரை இதுதான் திருப்பம். அளக்க ஆரம்பிச்ச பிறகு “என் வண்டி வேகம்”னு வாயால் சொல்ல முடியாது. எந்த மாற்றம் பலன் தருதுன்னு எண் சொல்லிடும். இன்னைக்கு நாம பெஞ்ச்மார்க் ஓட்டறோமே, அதே மனநிலை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இந்தப் பைத்தியம் தொழிலாக மாறியது. விமானத் தொழிற்சாலையிலும் ராணுவத்திலும் வெல்டிங், மெஷினிங் கற்ற இளைஞர்கள் வீடு திரும்பினார்கள். 1948 ஜனவரியில் ஹாட் ராட் பத்திரிகை வந்தது. 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கம் வந்தது. எஃகுக் குழாயை வளைத்து வெல்டிங் வைத்து ஹெடர் செய்வதற்குப் பெரிய ஃபவுண்டரி வேண்டாம், ஒரு பட்டறை போதும். வார்ப்பிரும்புக்கு அச்சு வேணும், அச்சுக்கு முதலீடு வேணும். குழாய்க்குக் கையும் கண்ணும் போதும். சின்ன ஆட்கள் இந்தத் தொழிலில் நுழைய முடிந்ததற்கு இது முக்கியக் காரணம்னு நினைக்கிறேன்.

லாஸ் ஏஞ்சலஸில் எக்ஸாஸ்ட் வியாபாரம் செய்த சாண்டி பெலாண்டின் பேரைத் தாங்கிய “பெலாண்ட் எக்ஸாஸ்ட் ஸ்பெஷல்” என்ற கார், 1957-இல் சாம் ஹேங்க்ஸ் ஓட்ட இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை ஜெயித்தது. அடுத்த வருஷம் அதே கார் ஜிம்மி பிரையன் கையில் மறுபடியும் ஜெயித்தது. புகைக்குழாய் விற்கிற கடையின் பேர், நாட்டின் மிகப் பெரிய பந்தயத்தில் ரெண்டு வருஷம் தொடர்ந்து முதலிடம்!

இதற்கு நடுவில் 1955-இல் செவர்லே ஸ்மால் பிளாக் வி8 வந்தது. 265 கன அங்குலம், எடை குறைவு, வால்வுகள் ஹெட்டில். அதே வருஷம் செவர்லே பிக்கப் டிரக்குகளிலும் இந்த எஞ்சின் கிடைக்க ஆரம்பித்தது. கார் எஞ்சினும் டிரக் எஞ்சினும் ஒரே குடும்பமாகிவிட்டதால், காருக்குச் செய்த பாகங்களின் அறிவு டிரக்குக்கும் வந்தது. பண்ணை வேலைக்கு வாங்கிய டிரக்குக்கு ஹெடர் போடலாம் என்ற எண்ணம் வந்தது இப்படித்தான். 1963-இல் இந்தப் பாகங்கள் செய்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று சீமா என்று அறியப்படும் அமைப்பு அதுதான்.

அதே ஊர், அதே காற்று

கதையின் இன்னொரு பாதியும் அதே லாஸ் ஏஞ்சலஸில்தான் நடக்குது.

1943 ஜூலையில் ஒரு நாள் அந்த நகரத்தை ஒரு பழுப்பு மூட்டம் மூடியது. கண் எரிச்சல், தொண்டை எரிச்சல். போர்க்காலம் என்பதால் எதிரி விஷவாயு வீசிவிட்டானோ என்று கூடச் சிலர் பயந்தார்கள். முதலில் ஒரு ரப்பர் மூலப்பொருள் தொழிற்சாலையின் மேல் பழி விழுந்தது. ஆனா மூட்டம் திரும்பத் திரும்ப வந்தது.

கால்டெக்கில் ஏரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர் இருந்தார். அன்னாசிப் பழத்தின் வாசனை எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். அதே கருவிகளை நகரத்துக் காற்றின் பக்கம் திருப்பினார். 1950-களின் தொடக்கத்தில் அவர் காட்டியது இது: வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடும் எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்தால் ஓசோன் உருவாகும். மூட்டத்துக்குக் காரணம் யாரோ ஒரு தொழிற்சாலைக்காரன் மட்டும் இல்லை, நாம எல்லாரும்தான். கார் கம்பெனிகள் இதை எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை.

1967-இல் கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தை உருவாக்கும் சட்டம் வந்தது. வாரியத்தின் முதல் தலைவர் அதே ஹாகன்-ஸ்மிட். 1970-இல் நாடு முழுவதற்கும் தூய காற்றுச் சட்டம். அதன் விளைவாக 1975 மாடல் கார்கள் பெரும்பாலானவற்றில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தது. புகையை வெளியே விடும் முன் அதை இன்னொரு முறை வேதியியல் ரீதியாக எரிக்கும் பெட்டி அது.

அந்தப் பெட்டிக்கு ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, பெட்ரோலில் ஈயம் இருக்கக் கூடாது, இருந்தால் கேட்டலிஸ்ட் செத்துடும். ஈயமில்லாத பெட்ரோல் பரவியதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். நம்ம சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் 1995-இல் புதுக் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானபோது, ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது இதனால்தான்.

ரெண்டாவது நிபந்தனை சூடு. அந்தப் பெட்டி சுமார் 250 முதல் 300 டிகிரி வந்தால்தான் வேலையை ஆரம்பிக்கும். அதனால் அதை எஞ்சினுக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

இங்கேதான் ஹெடர் வந்து முட்டுது. நீளக்குழாய் ஹெடர் போட்டால் கன்வர்ட்டரைப் பின்னால் தள்ளணும், இல்லைன்னா எடுத்துடணும். பின்னால் தள்ளினால் சூடாகத் தாமதமாகும். கன்வர்ட்டர் சூடாகிற வரைக்கும் வர்ற புகை சுத்தமாகாமலேயே வெளியே போகும். டார்க்குக்கு நல்ல நீளம், கேட்டலிஸ்ட்டுக்குக் கெட்ட நீளம். அரசியலே இல்லாமல், வெறும் இயற்பியலிலேயே ரெண்டும் எதிரெதிர்.

ஆறாயிரம் பவுண்டு

இனி வர்றதுதான் என்னை ஆச்சரியப்படுத்திய பகுதி.

1975-இல் வந்த விதிகளில் ஒரு கோடு இருந்தது. சுமை, ஆட்கள் எல்லாம் சேர்த்து ஒரு வண்டி தாங்கக்கூடிய மொத்த எடை 6,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 2,720 கிலோவுக்கு மேல் போனால், அது கனரக வேலை வண்டி. கார்களுக்கான கடுமையான விதி அதுக்குக் கிடையாது. கன்வர்ட்டர் வேண்டாம், ஈயமில்லாத பெட்ரோலும் வேண்டாம். விவசாயி, கட்டட வேலைக்காரர் மேல் சுமை விழக்கூடாது என்பது இதன் பின்னால் இருந்த நியாயம்.

ஃபோர்டிடம் அப்போ எஃப்-100 என்ற அரை டன் டிரக்கும், அதற்கு மேலே எஃப்-250 என்ற முக்கால் டன் டிரக்கும் இருந்தன. 1975-இல் ரெண்டுக்கும் நடுவில் ஒரு புது எண் முளைத்தது: எஃப்-150. அதன் மொத்த எடைத் தரம் 6,000 பவுண்டைக் கொஞ்சமே தாண்டியிருந்தது. ஆமாங்க, இன்னைக்கு அமெரிக்கச் சாலையில் எங்கே திரும்பினாலும் தெரியுற எஃப்-150 என்ற பேர், ஒரு விதியின் கோட்டைத் தாண்டுவதற்காகப் பிறந்த பேர். எஃப் சீரிஸ் 1977-இலிருந்து அமெரிக்காவில் அதிகம் விற்கும் டிரக் வரிசையாக இருந்து வருகிறது.

எட்ஜ் கேஸ்னு நாம சொல்வோமே, கோடு போட்டவன் நினைக்காத இடத்தில் பயனர் வந்து நிற்பான். இங்கே ஒரு தொழிலே வந்து நின்றுவிட்டது.

டாட்ஜ் இன்னும் ஒரு படி மேலே போனது. 1978-இல் லில் ரெட் எக்ஸ்பிரஸ் என்று ஒரு சிவப்பு டிரக். 360 கன அங்குல வி8, கேபினுக்குப் பின்னால் லாரி மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும் ரெண்டு குரோம் புகைக்குழாய்கள், கன்வர்ட்டர் இல்லை. கார் அண்ட் டிரைவர் பத்திரிகை சோதித்தபோது, நின்ற இடத்திலிருந்து 100 மைல் வேகத்தைத் தொடுவதில் அந்த ஆண்டின் அமெரிக்க வண்டிகளில் அதுதான் முதல். ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாம் மூச்சுத்திணறிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு டிரக் எல்லாரையும் முந்தியது. காரணம் திறமை மட்டும் இல்லை, விதியில் இருந்த ஓட்டை.

ஓட்டை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1979 மாடலிலிருந்து அந்தக் கோடு 8,500 பவுண்டுக்கு உயர்ந்தது. அந்த வருஷத்து லில் ரெட் எக்ஸ்பிரஸுக்கும் கன்வர்ட்டர் வந்துவிட்டது. ஆனா டிரக் என்றால் சுதந்திரம், டிரக் என்றால் விதிக்கு வெளியே என்ற எண்ணம் மட்டும் மனசில் தங்கிவிட்டது.

நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்லணும். அதே 1975 ஜனவரியில் மேக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் கையெழுத்தானது. வெளிப்பாகம் போட்டிருக்கீங்க என்ற ஒரே காரணத்தால் கம்பெனி வாரண்டியை மறுக்க முடியாது, அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம்னு காட்டணும். உன் வண்டியைத் திறந்து பார்க்க, மாற்ற உனக்கு உரிமை இருக்கு என்று சட்டமே சொன்னது. ஒரே வருஷத்தில் கன்வர்ட்டர், எஃப்-150, வாரண்டிச் சட்டம் மூணும். எங்களுக்குள்ள நடந்த சண்டையின் எல்லாத் தரப்பும் 1975-லேயே வந்து உட்கார்ந்துடுச்சு.

எங்கள் சண்டை

அண்ணனுக்கு நீளக்குழாய் வேணும். வேற மாநிலத்தில் இருக்கிற அவர் நண்பர் போட்டிருக்காராம், இழுவை பிரமாதமாம். நான் பெட்டியின் படத்தைப் பார்த்தேன். “பந்தயத்துக்கு மட்டும், சாலையில் பயன்படுத்தக் கூடாது” என்று சின்ன எழுத்தில் இருந்தது.

“அண்ணே, இது கலிஃபோர்னியாவில் செல்லாது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்மாக் செக் வரும்ல, கண்ணால் பார்த்தே ஃபெயில் பண்ணிடுவாங்க.”

“அதை அப்போ பார்த்துக்கலாம் தம்பி. என் வண்டி, என் காசு. இந்த ஊர்ல லட்சம் வண்டி ஓடுது, என் ஒரு வண்டியிலயா காத்து கெட்டுடப் போகுது?”

இந்தக் கேள்வியை லேசா எடுத்துக்க முடியலை. ஒரு வண்டியால் எதுவும் கெடாது என்பது உண்மைதானே? ஆனா அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. அது டீசல் பிக்கப்புகளைப் பற்றியது. அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் 5,50,000-க்கும் மேற்பட்ட வண்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டை எடுத்திருக்காங்க. அதன் விளைவு, விதிப்படி இருக்கும் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளைக் கூடுதலாகச் சாலையில் விட்டதற்குச் சமம். ஹெடர் அவ்வளவு மோசம் இல்லை, அது பெட்ரோல் எஞ்சின், வேற கணக்கு. ஆனா “என் ஒரு வண்டிதானே” என்று 5,50,000 பேர் சொன்னா என்ன ஆகும்னு அந்த எண் காட்டுது.

சட்டமும் மெதுவாகத்தான் தனி மனிதர் வரை வந்தது. 1970-இல் தடை கம்பெனிகளுக்கும் விற்பனையாளர்களுக்கும்தான். 1977-இல் பட்டறைகளையும் சேர்த்தார்கள். 1990-இல்தான் யாராக இருந்தாலும் கட்டுப்பாட்டுச் சாதனத்தைக் கழட்டக் கூடாது என்று வந்தது.

ஆனா கலிஃபோர்னியா வெறும் தடையோடு நிறுத்தவில்லை. ஒரு வழியும் வெச்சிருக்கு. பாகம் செய்கிற கம்பெனி தன் பாகத்தைச் சோதித்து, அது மாசைக் கூட்டவில்லை என்று காற்று வள வாரியத்திடம் நிரூபித்தால், ஒரு நிர்வாக ஆணை எண் கிடைக்கும். டி என்ற எழுத்தில் ஆரம்பிக்கும் அந்த எண்ணை ஸ்டிக்கராக எஞ்சின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால், அந்தப் பாகம் சட்டப்படி செல்லும். வறண்ட ஏரியில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்த அதே ஊர், இப்போ புகையையும் அளந்து அனுமதி கொடுக்குது. என் கண்ணுக்கு இது ஹாட் ராட் பரம்பரைக்கு எதிரி இல்லை, அதன் தொடர்ச்சிதான்.

அந்த எண் இருக்கிற ஹெடர்களில் பெரும்பாலானவை “ஷார்ட்டி”, குட்டைக்குழாய். கன்வர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் இருந்த இடத்திலேயே இருக்கும். பலன் நீளக்குழாயை விடக் குறைவு. அதை மறைக்க வேண்டியதில்லை.

அண்ணன் ரெண்டு நாள் யோசித்தார். ஃப்ரெஸ்னோ இருக்கிற சான் வாக்கின் பள்ளத்தாக்கு மலைகளுக்கு நடுவில் கிண்ணம் மாதிரி கிடக்கு, நாட்டிலேயே மோசமான காற்று உள்ள இடங்களில் ஒண்ணு. அவர் பையன் ஸ்கூல் பையில் இன்ஹேலர் இருக்கும். அதை நான் பேச்சில் இழுக்கலை. அவரும் இழுக்கலை. மூணாவது நாள் “ஸ்டிக்கர் இருக்கிறதையே ஆர்டர் பண்ணிட்டேன்”னு மட்டும் மெசேஜ் வந்தது.

மாட்டிய கதை

முதல் சனிக்கிழமை கழட்டுவதிலேயே போனது. முந்தின நாள் ராத்திரியே போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடிச்சு ஊற விட்டோம். பேட்டரி வயரைக் கழட்டி, வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, டயர் பக்கத்து உள் தகட்டை எடுத்தால்தான் கை போகுது. ஏற்கனவே உடைஞ்ச ரெண்டோடு, ஃபயர்வால் பக்கத்துக் கடைசி போல்ட்டும் என் கையில் டக்குனு உடைஞ்சது. ஹெட் அலுமினியம், போல்ட் எஃகு. சூட்டில் ரெண்டும் வெவ்வேறு அளவு விரியும். இருபது வருஷம் அந்த இழுபறியைத் தாங்கிய போல்ட் அது. பாவம்.

ரெண்டாவது சனிக்கிழமை, வெல்டிங் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தோம். உடைஞ்ச துண்டின் மேல் ஒரு நட்டை வெச்சு உள்ளே வெல்டிங் நிரப்பினார். அந்தச் சூட்டில் துருவின் பிடி விட்டது. கொஞ்சம் ஆறினதும் ஸ்பானர் போட்டால் வெண்ணெய் மாதிரி சுத்திக்கிட்டு வெளியே வந்தது. ட்ரில் போட்டிருந்தா மரையைக் கெடுத்திருப்போம்.

மூணாவது சனிக்கிழமை மாட்டினோம். ஹெட்டின் முகத்தைச் சுத்தமாகச் சுரண்டி, பல அடுக்கு எஃகு கேஸ்கெட் வெச்சு, எல்லா போல்ட்டையும் முதலில் கையால் நுழைத்து, பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக டார்க் ரெஞ்சில் முறுக்கினோம். ஸ்பார்க் பிளக் வயர் குழாயைத் தொடாமல் திருப்பிக் கட்டினோம். ஸ்டார்ட் பண்ணினதும் புகை! பயந்துட்டேன். குழாய் மேல் இருந்த எண்ணெயும் எங்கள் கைரேகையும் எரியுது, அவ்வளவுதான். ஒரு தடவை நல்லா சூடாக்கி, முழுசா ஆற விட்டு, மறுபடி எல்லா போல்ட்டையும் சரிபார்த்தோம். இதை விட்டுட்டா கேஸ்கெட் கசியும், திரும்ப முதல் சனிக்கிழமைதான்.

டிக் டிக் போயிடுச்சு. சத்தம் கொஞ்சம் கனமாச்சு. இழுவை கூடியிருக்கா? அண்ணன் “நல்லாத் தெரியுது தம்பி”ங்கிறார். எனக்குத் தெரியலை. டைனோவில் ஏற்றிப் பார்க்காமல் நான் எண் சொல்ல மாட்டேன், 1937-காரங்க அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

ஒண்ணு மட்டும் தெரியுது. 1975-இல் கோட்டுக்கு வெளியே போய் நின்றால் ஜெயிக்கலாம்னு டிரக் கம்பெனிகள் காட்டின. எங்க வண்டி கோட்டுக்கு உள்ளே நிக்குது. ஸ்டிக்கரை அண்ணன் பையன்தான் ஒட்டினான், கொஞ்சம் கோணலா.

உங்க வீட்டு பைக்குக்கு பெண்ட் பைப் மாற்றின கதை இருந்தா குரல் பதிவா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கறேன். அடுத்த மாசம் கண்டிப்பா நேரத்துக்கு வரும், யாரும் டிரக் வாங்காம இருந்தா.